ஸ்டியரிங் முனகுகிறது: பம்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் கார் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. 95,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். மூன்று மாதமாக, காலையில் வண்டியை எடுத்துத் திருப்பும்போது முனகுவது போல ஒரு சத்தம் வருகிறது. பத்து நிமிடம் ஓட்டினால் குறைந்துவிடுகிறது. ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்ததால், கடையில் பவர் ஸ்டியரிங் ஆயில் என்று கேட்டு வாங்கி இரண்டு தடவை ஊற்றினேன். ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது பம்ப், ராக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இரண்டும் தேவைதானா? நானே எதையெல்லாம் பார்க்கலாம்? அதுவரை வண்டியை ஓட்டலாமா? என் மகளின் புது வண்டியில் எலக்ட்ரிக் ஸ்டியரிங் இருக்கிறது. அதற்கும் சர்வீஸ் உண்டா?

பதில்: சத்தத்தைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, இரண்டு தடவை ஆயில் ஊற்றியதாகப் போகிற போக்கில் சொல்லியிருப்பது. பவர் ஸ்டியரிங் ஆயில் எரிந்து குறைகிற ஆயில் இல்லை. டப்பாவிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து ராக்குக்கு (முன்சக்கரங்களைத் தள்ளித் திருப்பும் பகுதி), அங்கிருந்து மறுபடி டப்பாவுக்கு என்று ஒரே பாதையில் சுற்றிக்கொண்டிருப்பது அது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. பம்பா ராக்கா என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த ஆயில் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

பம்பும் ராக்கும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். அப்படி நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் இரண்டையும் மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் வண்டியில் குளிர்ந்திருக்கும்போது சத்தம், சூடானால் குறைவு. இந்தக் குறி பெரும்பாலும் பம்புக்கு ஆயில் போய்ச் சேருகிற வழியில்தான் கோளாறு என்று சொல்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். எஞ்சினோடு பெல்ட்டில் இணைந்து சுழல்வது பம்ப். டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, பெரிய அழுத்தத்தோடு ராக்குக்கு அனுப்புகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, தண்டில் இருக்கும் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி துளி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு ஒரு வால்வைத் திறந்து, எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் ஆயிலைத் தள்ளவிடுகிறது. சக்கரங்களை ஒருபுறம் முழுக்கத் திருப்பிப் பிடித்தால் அழுத்தம் 70, 80 பார் வரைக்கும், சில வண்டிகளில் அதற்கு மேலும் போகும். டயரில் நிரப்புகிற காற்றின் அழுத்தம் இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இவ்வளவு அழுத்தம் கொடுக்கும் பம்பின் உறிஞ்சும் பக்கம் ரொம்பவும் மென்மையானது. அங்கே ஆயில் தடையில்லாமல் வர வேண்டும். தடைபட்டாலோ, ஆயிலோடு காற்று கலந்தாலோ, உள்ளே குமிழிகள் உடைந்து நசுங்கும். அந்த நசுங்கல்தான் உங்களுக்கு முனகலாகக் கேட்கிறது. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். டப்பாவின் அடியில் இருக்கும் சல்லடை பாதி அடைத்திருந்தால் கெட்டி ஆயில் அதைத் தாண்டிவரத் திணறும். ஆயில் சூடாகி இளகியதும் சத்தம் அடங்கும். உறிஞ்சும் ஹோஸின் முனையில் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போனாலும் இதே கதைதான்: குளிரில் இடைவெளி விட்டுக் காற்றை இழுக்கும், சூட்டில் ரப்பர் கொஞ்சம் விரிந்து அடைத்துக்கொள்ளும். இந்த இடத்தில் ஒரு சிக்கல், காற்று உள்ளே போகும், ஆனால் ஆயில் வெளியே வராது. அதனால் கீழே எவ்வளவு தேடினாலும் ஈரம் தெரியாது.

இதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த ஆரம்ப வருடங்களில் ஒருவருக்குப் புது பம்ப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை வண்டியை எடுத்தார், அதே சத்தம். நான் நம்பவே இல்லை. பம்பே பழுதாக வந்திருக்கும் என்று மாற்றிப் பார்த்தேன். அதுவும் முனகியது. கடைசியில் உறிஞ்சும் ஹோஸைக் கழற்றி அந்த வளையத்தை விரலில் எடுத்துப் பார்த்தபோது, ரப்பர் என்று சொல்ல முடியாதபடி பிளாஸ்டிக் மாதிரி இறுகி இருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பொருளை மாற்றியதும் சத்தம் நின்றது. அவருடைய பழைய பம்ப் நன்றாகத்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து முனகல் என்று வரும் எந்த வண்டியிலும் முதலில் டப்பாவின் மூடியைத்தான் திறக்கிறேன்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன். மூடியைச் சுற்றி ஒரு துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள், தூசி உள்ளே விழக்கூடாது. அளவு காட்டும் கோடுகளில் குளிர், சூடு என்று இரண்டு தனித்தனியாக இருக்கும் வண்டிகள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது குளிர் கோடு. சுத்தமான வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல ஆயில் தெளிவாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். பழுப்பாக இருந்தால் வயதாகிவிட்டது. கறுப்பாக இருந்தால் ஹோஸின் உட்புறத்து ரப்பர் கரைந்து கலந்திருக்கிறது என்று வையுங்கள். வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது பொடிப் பொடியாக மின்னினால் அது உலோகத் துகள், பம்ப் உள்ளே தேய்கிறது. அப்படித் தெரிந்தால் மெக்கானிக் சொன்னது பம்ப் விஷயத்தில் சரி.

அடுத்து எஞ்சினை ஓட விடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பட்டும், நீங்கள் டப்பாவுக்குள் பாருங்கள். மேற்பரப்பு அமைதியாகச் சுழல வேண்டும். சோப்பு நுரை போலக் குமிழிகள் திரண்டு, ஆயிலின் நிறமே வெளுத்துப்போனால் காற்று போகிறது. எஞ்சினை நிறுத்திய அந்த நொடியில் டப்பாவில் ஆயில் சட்டென்று மேலே ஏறினால், உள்ளே மாட்டியிருந்த காற்று விரிவடைகிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், கண் மட்டும் போதும். என்னைக் கேட்டால் பம்ப் பற்றிய பேச்சு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான்.

சத்தம் பெல்ட்டிலிருந்து வருகிறதா என்பதையும் பிரித்தறிய வேண்டும். பெல்ட் கீச்சிடும், குளிரில், திருப்பிய முதல் நொடிகளில் அதிகம். பம்பின் முனகல் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் கூடும். பெல்ட்டில் விரிசல், பளபளப்பு, ஆயில் பட்ட ஈரம் இருக்கிறதா என்று எஞ்சின் நின்றிருக்கும்போது பாருங்கள். ஓடும்போது கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், தளர்ந்த சட்டைக் கையும் ஆகாது.

கசிவுக்கு வருவோம். எஞ்சின் அறையின் அந்தப் பகுதியையும் ராக்கின் வெளிப்புறத்தையும் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டு, ராத்திரி வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்துக்கு நேராகச் சொட்டு விழுந்திருக்கிறது என்று தெரியும். ஆயில் வழிந்து, காற்றோடு பின்னால் பரவி, வேறு இடத்தில்தான் சொட்டும் என்பதால் மேலே தேடுங்கள்: ஹோஸ் கிளாம்ப்கள், உயர் அழுத்த ஹோஸில் உலோகக் குழாயும் ரப்பரும் சேருமிடம், பம்பின் புல்லிக்குப் பின்னால் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல், திரும்பி வரும் குழாயில் இருக்கும் கூலர் சுருள். கடைசியாக ராக்கின் இரு கோடியிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட். அதை லேசாக அழுத்திப் பாருங்கள். உள்ளே ஆயில் அசைவது தெரிந்தாலோ, மடிப்பிலிருந்து வழிந்தாலோ, ராக்கின் உள் சீல் போய்விட்டது. சில வண்டிகளில் இரண்டு பூட்டையும் ஒரு சின்னக் குழாய் இணைப்பதால், ஒரு பக்கம் கசிந்தது மறு பக்கமும் தெரியும். பூட் காய்ந்திருந்தால் வெளிக்கசிவுக்காக ராக்கை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்த ஹோஸைக் கையால் தடவிக் கசிவு தேடாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே திசு கெட்டுப்போகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையே என்று சும்மா இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

ஊற்றிய ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். பவர் ஸ்டியரிங் ஆயில் என்று பொதுவாகக் கேட்டு வாங்கினீர்கள். அங்கேதான் பலர் இடறுகிறார்கள். சில வண்டிகளுக்கு தானியங்கி கியர்பாக்ஸ் ஆயிலான டெக்ஸ்ரான் வகை. சிலவற்றுக்கு அந்தந்தக் கம்பெனி தனியாகச் சொல்லும் ஆயில். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்குப் பச்சை நிறச் செயற்கை ஆயில். டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், இல்லாவிட்டால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று கலக்க வேண்டாம், நிறம் சாயம்தான், தரத்துக்கு அடையாளம் இல்லை. பிரேக் ஆயிலைத் தவறிக்கூட ஊற்றிவிடாதீர்கள். அது சீல்களை ஊதச் செய்து மொத்தத்தையும் கெடுத்துவிடும். கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. ரப்பரைக் கொஞ்ச நாள் ஊதவைத்து அடைக்கும், பிறகு அதே ரப்பர் இளகித் தளர்ந்துபோகும்.

உங்கள் வண்டியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நிலையில், ஆயிலைப் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழி இருக்கிறது. ஒரு பெரிய சிரிஞ்சில் மெல்லிய ரப்பர் குழாய் செருகி, டப்பாவில் இருப்பதை முழுக்க உறிஞ்சி எடுங்கள். அடியில் சேறு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சரியான ஆயிலைக் கோடு வரை ஊற்றி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி அதையே செய்யுங்கள். மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு டப்பாவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று தடவையில் பழையது 30 சதவீதத்துக்கு வரும், ஐந்தாவது தடவையில் 13 சதவீதம். சின்னக் கார்களில் மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் என்பதால் இது பெரிய வேலை இல்லை. ஆயில் கறுத்திருந்தால் மட்டும் இந்த வழி போதாது. அப்போது திரும்பும் ஹோஸைக் கழற்றி முழுதாக வெளியேற்ற வேண்டும், டப்பாவையும் கழற்றிக் கழுவ வேண்டும். சல்லடை டப்பாவோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட வண்டிகளில் டப்பாவையே மாற்றிவிடுவது உத்தமம். விலையில் பம்புக்குப் பக்கத்தில்கூட வராது, பலன் பெரிது.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ஹோஸைக் கழற்றிய பிறகு காற்று எடுக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துத் தாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எதையும் செய்ய வேண்டாம். எஞ்சின் நின்றிருக்கும்போதே, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 15, 20 தடவை மெதுவாகத் திருப்புங்கள். நடுநடுவே டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். குமிழி வருவது நின்ற பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதலிலேயே ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப் ஆயிலையும் காற்றையும் அடித்துக் கலக்கிவிடும். அப்புறம் அந்த நுரை அடங்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். எஞ்சின் ஓடும்போதும் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பாருங்கள், கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அங்கே பிடித்தால் ஆயில் போக இடமில்லாமல் பம்பிலேயே சுற்றிச் சூடேறும். நிறுத்தும் இடங்களில் ஓட்டும்போதும் இதே பழக்கம் நல்லது.

இவ்வளவும் செய்து, சத்தம் நின்றுவிட்டால் உங்கள் பம்பும் ராக்கும் தப்பித்தன. நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேளுங்கள்: “அழுத்தத்தை அளந்து பார்த்தீர்களா?” பம்புக்கும் ராக்குக்கும் நடுவில் ஒரு மீட்டரும் அடைக்கும் வால்வும் மாட்டுவார்கள். வால்வைச் சில விநாடிகள் மட்டும் மூடினால் பம்ப் தனியாக எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று தெரியும். அது தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வந்தால் அழுத்தம் தருவதில் பம்புக்குக் குறை இல்லை. வால்வைத் திறந்து ஸ்டியரிங்கைக் கோடிக்குத் திருப்பியதும் அந்த அழுத்தம் எட்டாமல் இறங்கினால், ராக்கின் உள்ளே ஒழுகுகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் இரண்டையும் மாற்றச் சொன்னால் நான் இன்னொருவரிடம் காட்டியிருப்பேன்.

பம்பை மாற்றத்தான் வேண்டும் என்று தெரியவந்தால், பழைய ஆயிலை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் புதியதை மாட்ட வேண்டும். துகள் ஓடும் ஆயிலில் புது பம்பும் சீக்கிரம் தேயும். ராக் மாற்றினால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி ஆனால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். பால் ஜாயின்ட் இறுகுவது, ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங் பிடிப்பது இவையெல்லாம் பவர் ஸ்டியரிங் கோளாறு போலவே தோன்றும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் அந்தப் பக்கம் சந்தேகப்படுங்கள்.

உங்கள் மகளின் வண்டி வேறு ஜாதி. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் 1951-இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. மின்மோட்டாரில் இயங்குவதை 1988-இல் சுசூகி தன் செர்வோ காரில் கொண்டுவந்தது. இப்போது சின்ன கார்களில் பெரும்பாலும் அதுதான். ஆயில், பம்ப், பெல்ட், ஹோஸ் எதுவும் இல்லை. தண்டில் ஒரு சென்சார் நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்று அளந்து சொல்ல, மோட்டார் அதற்கேற்பத் துணை தருகிறது. இதற்குச் சர்வீஸ் என்றால் முக்கியமாக பேட்டரிதான். மோட்டார் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும். பேட்டரியோ, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரோ பலவீனமானால் எச்சரிக்கை விளக்கு எரிந்து துணை நின்றுவிடும். சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்து எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பேட்டரி முனைகளின் பிடிப்பையும் வோல்டேஜையும் முதலில் பாருங்கள்: வண்டி நின்றிருக்கும்போது 12.4-க்குக் குறையக்கூடாது, ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்கும். நெருக்கமான இடத்தில் திரும்பத் திரும்பக் கோடி வரை திருப்பிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் துணையைக் குறைக்கும். கொஞ்சம் ஆறவிட்டால் சரியாகிவிடும், அது பழுது இல்லை. அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ விளக்கு எரிந்தாலோ, நேர்நிலையைக் கருவி வைத்து மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

அதுவரை உங்கள் வண்டியை ஓட்டலாமா என்று கேட்டீர்கள். ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இருக்கும் வரை அருகில் போய் வரலாம். தினமும் காலையில் அளவைப் பாருங்கள், அதே ஆயிலில் ஒரு பாட்டிலை வண்டியில் வையுங்கள். பவர் போனாலும் ஸ்டியரிங் சக்கரத்தோடு இணைந்தேதான் இருக்கும், வண்டி திரும்பும், கை பலம் மட்டும் நிறைய வேண்டும். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் பதறமாட்டீர்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்டியரிங் துணையோடு பிரேக்கின் துணையும் போய்விடும். ஒன்றை மட்டும் ஒத்திப்போட வேண்டாம்: கசிவு சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் விழுகிறது என்றால், பானெட் இடுக்கில் புகையோ எண்ணெய் கருகும் வாடையோ வந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைவிட்டு இறங்கித் தள்ளி நில்லுங்கள். அந்த ஆயில் தீப்பிடிக்கும். அப்படியொரு கசிவு இருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள், அவர்களை வரச் சொல்லுங்கள்.